ஃபிளாப்பி இல்லாத லேப்டாப்பில் இமேஜ் இறங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடியுங்கள்

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் லேப் முழுக்க விண்டோஸ் ஏற்ற ஒன்றிரண்டு ஃபிளாப்பி போதும். 1.44 எம்பிக்குள் டாஸ், நெட்வொர்க் கார்டு டிரைவர், டிஸ்க்கை நகலெடுக்கும் கோஸ்ட் நிரல் எல்லாவற்றையும் திணித்து வைத்திருப்போம். சொருகி ஆன் செய்தால் சர்வரிலிருந்து இமேஜ், அதாவது தயாராக ஏற்றிவைத்த ஒரு மெஷினின் டிஸ்க் நகல், இறங்கத் தொடங்கிவிடும். லேப்டாப்பில் முதலில் ஃபிளாப்பி போனது, அப்புறம் சிடி போனது, இப்போது மெல்லிய மாடல்களில் நெட்வொர்க் கேபிள் சொருகும் துளையும் போய்விட்டது. ஆனால் ஃபிளாப்பி செய்துவந்த வேலை எங்கும் போகவில்லை. வெறும் டிஸ்க்கோடு எழும் மெஷினுக்கு யாராவது முதல் சில கேபி நிரலைக் கையில் கொடுத்தே ஆகவேண்டும். இன்றைக்கு அதை நெட்வொர்க் பூட் கொடுக்கிறது, இல்லையென்றால் பென்டிரைவ்.

இமேஜ் இறங்கவில்லை என்றதும் பலரும் இமேஜை மறுபடி எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பாதி நாள் போகும், பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கும். பவர் பட்டன் அழுத்தியதிலிருந்து லோகின் திரை வரை வேலை பல கை மாறுகிறது: பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் முதல் நிரல்), நெட்வொர்க் கார்டு, டிஹெச்சிபி (ஐபி முகவரி கொடுப்பது), டிஎஃப்டிபி (பூட் கோப்பை அனுப்புவது), ஒரு குட்டி லினக்ஸ் அல்லது வின்பிஇ (குட்டி விண்டோஸ்), டிஸ்க் டிரைவர், அதற்குப் பிறகுதான் இமேஜ். எந்தக் கையில் நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடும். அதனால் முதல் வேலை, அந்த எர்ரர் வரியை மொபைலில் பிடிப்பது. புது லேப்டாப்களில் அது இரண்டு வினாடிகூட நிற்காது. வீடியோ எடுத்து நிறுத்திப் பார்ப்பதுதான் வழி.

குளோன்சில்லா, ஃபாக், மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூடிஎஸ் என்று எந்த இமேஜ் கருவியை வைத்து இறக்கினாலும் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும். இ61, இ51 போன்றவை பிஎக்ஸ்இ எனப்படும் நெட்வொர்க் பூட் முறை திரையில் காட்டும் எர்ரர் எண்கள்.

## பூட் மெனுவில் நெட்வொர்க் என்ற வரியே இல்லை

டெல், திங்க்பேட் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்ய, முதலில் பயாஸுக்குள் போய் பூட் மெனுவை இயக்கி வைக்க வேண்டும். மெனு வந்தும் நெட்வொர்க் வரி இல்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்: பயாஸில் நெட்வொர்க் ஸ்டேக் (நெட்வொர்க் பூட்டுக்கான வசதி) அணைந்திருக்கலாம். ஃபாஸ்ட் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் யூஎஸ்பி சாதனங்களைத் தேடாமலே தாண்டிப் போய்விடும். இரண்டும் சரி என்றால் சந்தேகம் டாங்கிள் மேல், அதாவது நெட்வொர்க் கேபிளுக்காக யூஎஸ்பியில் சொருகும் அடாப்டர் மேல்.

யூஎஸ்பி-நெட்வொர்க் டாங்கிள் விண்டோஸில் வேலை செய்கிறது என்பதால் பூட்டிலும் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். விண்டோஸுக்கு வேறு டிரைவர், பயாஸுக்கு வேறு டிரைவர். பயாஸுக்குள் அந்தச் சிப்புக்கான டிரைவர் இல்லையென்றால் டாங்கிள் அதற்கு வெறும் பிளாஸ்டிக். லேப்டாப்பைத் தயாரித்த கம்பெனியின் டாங்கிளையே வாங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கடையில் கிடைக்கும் மலிவு டாங்கிளை இருபது வாங்கி வைத்துவிட்டு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் அதுதான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. குளோன்சில்லாவையோ வின்பிஇ-யையோ பென்டிரைவில் வைத்து பூட் செய்யுங்கள். அவற்றுக்குள் சொந்த டிரைவர் இருக்கும், இமேஜை மட்டும் நெட்வொர்க்கில் இழுத்துக்கொள்ளலாம்.

## இ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர்

கேபிள். வேறு கேபிள், வேறு போர்ட், வேறு டாங்கிள். அதற்கு மேல் இதில் ஆராய எதுவும் இல்லை.

## இ51, அல்லது புது லேப்டாப்பில் இ16: முகவரி தர யாரும் முன்வரவில்லை

லேப்டாப் டிஹெச்சிபி கேட்டுக் கத்துகிறது, பதில் இல்லை. சர்வர் ஓடுகிறதா, லேப்டாப் சொருகிய போர்ட் சரியான விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி வலை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கத்தல் ரவுட்டரைத் தாண்டாது. சர்வர் வேறு விலானில் இருந்தால் இடையில் உள்ள ரவுட்டரிலோ லேயர் 3 ஸ்விட்ச்சிலோ அதைக் கடத்திவிடும் ரிலே போட்டிருக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தும், ஒரே லேப்டாப் ஒரு போர்ட்டில் முகவரி வாங்கி இன்னொரு போர்ட்டில் வாங்கவில்லை என்றால் ஸ்விட்ச்சின் ஸ்பானிங் ட்ரீ என்ற சுழல் தடுப்பைச் சந்தேகப்படுங்கள். லிங்க் எழுந்ததும் மேனேஜ்டு ஸ்விட்ச் அந்த போர்ட்டை உடனே திறந்துவிடாது. வலையில் சுழல் ஏதும் இருக்கிறதா என்று 15 வினாடி கேட்கும், இன்னும் 15 வினாடி கற்கும். அந்த 30 வினாடியில் லேப்டாப் அனுப்பியதெல்லாம் குப்பைக்குப் போகும். பூட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் கார்டு ஒருமுறை அணைந்து எழுவதால் இந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சோதிக்க ஒரு சுலபமான வழி: செட்டிங்ஸ் எதுவும் இல்லாத ஒரு சாதாரண 5 போர்ட் ஸ்விட்ச்சை லேப்டாப்புக்கும் சுவர் போர்ட்டுக்கும் நடுவில் வையுங்கள். லேப்டாப் அணைந்து எழுந்தாலும் சுவர்ப் பக்கத்து லிங்க் எழுந்தபடியே இருக்கும். இப்போது முகவரி உடனே வந்தால் குற்றவாளி சிக்கிவிட்டான். அந்த போர்ட்டில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்லி நெட்வொர்க் ஆட்களிடம் கேளுங்கள்.

முதல் இருபது லேப்டாப் நன்றாக ஓடி, அடுத்தவற்றுக்கு மட்டும் முகவரி கிடைக்கவில்லை என்றால் முகவரிகள் தீர்ந்துபோயிருக்கும். பூட்டின்போது ஒன்று, உள்ளே லினக்ஸ் எழுந்ததும் இன்னொன்று என்று ஒரே லேப்டாப் இரண்டு முகவரி வாங்குவதுண்டு. இமேஜ் ஏற்றும் நாளுக்கு மட்டுமாவது லீஸ் நேரத்தை (ஒரு முகவரி ஒரு மெஷினுக்கென்று ஒதுங்கியிருக்கும் நேரம்) ஒரு மணி நேரமாகக் குறைத்து வையுங்கள்.

## இ53: முகவரி வந்தது, கோப்பின் பெயர் வரவில்லை

டிஹெச்சிபி முகவரியைக் கொடுத்துவிட்டது. எந்த சர்வரிடம் போய் எந்தக் கோப்பை வாங்குவது என்று சொல்லவில்லை. டிஹெச்சிபி பதிலின் 66, 67 ஆகிய இரண்டு ஆப்ஷன்களில் அது இருக்க வேண்டும். ரவுட்டரே டிஹெச்சிபி கொடுக்கும் சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் அதைத் திருத்த இடமே இருக்காது. அதற்காக இரண்டாவதாக ஒரு டிஹெச்சிபி சர்வரை அதே வலையில் எழுப்பிவிடாதீர்கள். அடுத்த அரை மணியில் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இணையம் போய்விடும். டிஎன்எஸ்மாஸ்க் நிரலை ப்ராக்ஸி முறையில் ஓட்டுங்கள். அது முகவரி கொடுக்காது, ரவுட்டர் கொடுக்கும் முகவரியோடு கோப்பின் பெயரை மட்டும் சேர்த்துச் சொல்லும்.

## கோப்பு இறங்கியது, திரை ஒரு கணம் இருண்டு மறுபடி பூட் மெனுவுக்கே வந்தது

பழைய பயாஸுக்கான கோப்பை, அதன் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ உள்ள லேப்டாப்பிடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆப்ஷன் 67-இல் ஒரே பெயரை நிரந்தரமாக எழுதி வைத்த இடங்களில் புது லேப்டாப் வந்ததும் இது நடக்கும். தான் எந்த வகை என்பதை லேப்டாப் ஆப்ஷன் 93-இல் தானே சொல்கிறது: 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதைப் பார்த்துக் கோப்பைப் பிரித்துக் கொடுக்கும்படி டிஹெச்சிபியை அமையுங்கள்.

செக்யூரிட்டி வயலேஷன் என்று சிவப்புப் பெட்டி வந்தால் அது கையொப்பமில்லாத பூட் கோப்பைத் தடுக்கும் செக்யூர் பூட். கையொப்பமிட்ட பூட் கோப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது இமேஜ் இறங்கும் வரை மட்டும் செக்யூர் பூட்டை அணைத்து வையுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப இயக்குவதை யாராவது ஒருவரின் பொறுப்பாக்குங்கள். இல்லையென்றால் அது அணைந்தபடியேதான் கிடக்கும்.

## இ32, டிஎஃப்டிபி டைம்அவுட். அல்லது ஆமை வேகம்

சர்வரின் ஃபயர்வாலில் யூடிபி 69 திறந்திருக்கிறது, ஆனாலும் டைம்அவுட். டிஎஃப்டிபியில் கேள்வி மட்டும்தான் 69-க்குப் போகும். பதில் வேறொரு போர்ட்டிலிருந்து வரும். ஆகவே போர்ட் எண்ணுக்கு அனுமதி கொடுப்பதைவிட நிரலுக்கே அனுமதி கொடுப்பது நல்லது. கோப்பு இல்லை என்ற எர்ரர் லினக்ஸ் சர்வரில் வந்தால் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மெதுவாக இறங்குவது வேறு கதை. டிஎஃப்டிபி இயல்பாக 512 பைட் அனுப்பும், கிடைத்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும், பிறகு அடுத்த 512. 400 எம்பி வின்பிஇ-க்கு இது 8 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை. பிளாக் அளவை 1456-ஆக உயர்த்தினால் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஐபிஎக்ஸ்இ என்ற சின்ன பூட் நிரலை இடையில் வைத்து, பெரிய கோப்புகளை ஹெச்டிடிபி வழியாக இழுப்பது எல்லாவற்றையும்விட வேகம். நான் அமைக்கும் இடங்களில் டிஎஃப்டிபிக்கு ஐபிஎக்ஸ்இ கோப்பைக் கொடுப்பதோடு வேலை முடிந்தது.

## பூட் ஆனது, டாங்கிள் விளக்கு அணைந்தது, அதற்குமேல் நகரவில்லை

இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நன்றாகப் புரியும். கோப்பு இறங்கும்வரை டாங்கிளின் பச்சை விளக்கு படபடக்கும். லினக்ஸ் கர்னலோ வின்பிஇ-யோ பொறுப்பை எடுத்த கணத்தில் விளக்கு அணையும். சில வினாடியில் மறுபடி எரிந்தால் நல்லது. எரியவே இல்லை என்றால், அதுவரை பயாஸின் டிரைவரில் ஓடிய டாங்கிளுக்கு உள்ளே வந்த புது ஆளிடம் டிரைவர் இல்லை. வின்பிஇ என்றால் அந்தச் சிப்பின் டிரைவரைப் பூட் இமேஜுக்குள் சேருங்கள். விண்டோஸுக்குள் ஓடும் பெரிய இமேஜில் சேர்த்துப் பயனில்லை, இரண்டும் வேறு. லினக்ஸ் என்றால் பெரும்பாலும் புதிய கர்னல் உள்ள பதிப்பை வைத்தாலே தீர்ந்துவிடும்.

## பென்டிரைவிலிருந்து எழ மறுக்கிறது

யூஇஎஃப்ஐ பென்டிரைவில் தேடுவது ஒன்றே ஒன்று: ஃபேட்32 பார்டிஷன், அதில் ஈஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற ஈஎஃப்ஐ கோப்பு. என்டிஎஃப்எஸ்-இல் ஃபார்மேட் செய்திருந்தால் பல லேப்டாப்கள் கண்டுகொள்ளாது. ஃபேட்32-இலோ 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது. விண்டோஸ் இமேஜ் கோப்பு அந்த அளவைத் தாண்டினால் டிஸ்ம் கருவியால் துண்டாக்கிக்கொள்ளுங்கள்; நிறுவல் நிரல் துண்டுகளைத் தானே சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

## எழுந்துவிட்டது, ஆனால் உள்ளே டிஸ்க் தெரியவில்லை

பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறது, நிறுவல் நிரலில் பட்டியல் காலி. இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப் என்றால் முதலில் பயாஸில் விஎம்டி என்ற இன்டெல்லின் டிஸ்க் மேலாண்மை வசதியைப் பாருங்கள். எஸ்எஸ்டி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை அணையுங்கள், அல்லது அதன் டிரைவரை வின்பிஇ-யிலும் இமேஜிலும் சேருங்கள். முன்னதாக வந்த மாடல்களில் இதே வேலையை ரெய்டு முறை செய்யும். சாதாரண ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும்.

ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் இந்த முறையைச் சட்டென்று மாற்றாதீர்கள். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், 0x7பி. முதலில் சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுந்து வந்த பிறகு சாதாரணமாகத் திரும்புவதுதான் ஒழுங்கான பாதை.

## பழைய லேப்டாப், ஃபிளாப்பிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது

தொழிற்கூடங்களில் இன்னும் இவை உண்டு. ஒரு சிஎன்சி மெஷினோடு பேசும் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும், அதற்கென்றே ஒரு பழைய லேப்டாப் தூசியோடு உட்கார்ந்திருக்கும். அதன் டிஸ்க் போனால்தான் நம்மைக் கூப்பிடுவார்கள்.

எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றும்போது சாட்டா (டிஸ்க் இணைப்பு) டிரைவர் கேட்டு எஃப்6 அழுத்தச் சொல்லும். அது ஏ டிரைவை, அதாவது ஃபிளாப்பியைத் தவிர வேறெங்கும் தேடாது. பென்டிரைவைக் காட்டினால் கண்டுகொள்ளாது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கலாம், ஆனால் எல்லா மாடலும் செல்லாது. குறிப்பிட்ட சில மாடல்களின் அடையாள எண்கள்தான் நிறுவல் நிரலுக்குள் எழுதப்பட்டுள்ளன. அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் பயாஸில் சாட்டா முறையை ஐடிஇ அல்லது கம்பாட்டிபிலிட்டி என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத மாடலுக்கு, என்லைட் கருவியால் டிரைவரை நிறுவல் சிடிக்குள்ளேயே கலந்துவிடுங்கள்.

கையில் பழைய கோஸ்ட் ஃபிளாப்பி மட்டும் இருக்கிறது, லேப்டாப்பில் டிரைவ் இல்லை என்றால் மெம்டிஸ்க் என்ற நிரல் உங்களுக்காகவே எழுதப்பட்டது. ஃபிளாப்பியை அப்படியே ஒரு கோப்பாக எடுங்கள். சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். கோப்பு 4 எம்பியை எட்டினால் மெம்டிஸ்க் அதை ஹார்ட்டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளும்; அப்போது ஃபிளாப்பி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டிவரும். பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற நெட்வொர்க் பூட் நிரலில் மெம்டிஸ்க்கைக் கர்னலாகவும் இந்தக் கோப்பை இனிட்ஆர்டி-யாகவும் (கர்னலோடு மெமரியில் ஏற்றும் கோப்பு) கொடுத்தால், அது மெமரியில் ஏறி, பயாஸின் டிஸ்க் அழைப்புகளை மறித்துக்கொண்டு, நிஜமான ஏ டிரைவ் போலவே நடிக்கும். டாஸுக்கு வித்தியாசமே தெரியாது.

டாஸ் எழுந்து நெட்வொர்க் மட்டும் கிடைக்காமல் போகும் இடம் ஒன்று உண்டு. ஃபிளாப்பியில் இருக்கும் டிரைவர் இந்த லேப்டாப்பின் கார்டுக்கானதாக இருக்காது, புதிய கார்டுகளுக்கு டாஸ் டிரைவரே வெளிவந்திருக்காது. எந்தக் கார்டுக்கும் பொதுவான யூஎன்டிஐ டிரைவரை ஃபிளாப்பிக் கோப்புக்குள் போடுங்கள். அது பூட் செய்த பிஎக்ஸ்இ நிரலின் மேல் சவாரி செய்வது. ஆனால் பிஎக்ஸ்இலினக்ஸ் வேலை முடிந்ததும் அந்த நிரலை மெமரியிலிருந்து இறக்கிவிடும். அதன் அமைப்புக் கோப்பின் அப்பெண்ட் வரியில் கீப்பிஎக்ஸ்இ என்று சேர்த்தால்தான் விட்டுவைக்கும். இந்த ஒரு சொல் இல்லாமல் டிரைவர் மேல் டிரைவராக மாற்றிப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

இதெல்லாம் பழைய பயாஸ் முறையில் மட்டும். யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள லேப்டாப்பில் மெம்டிஸ்க் மறிப்பதற்கான பயாஸ் அழைப்பே கிடையாது.

## டிஸ்க் சிறியது என்கிறது, இரண்டிலும் 256 ஜிபி என்றுதான் எழுதியிருக்கிறது

மேலே ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், டிஸ்க்கின் மிகச் சிறு துண்டான செக்டர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு செக்டர் குறைந்தாலும் குளோன்சில்லா நின்றுவிடும். எக்ஸ்பர்ட் முறையில் டிஸ்க் அளவு பார்ப்பதைத் தவிர்க்கும் ஐசிடிஎஸ், பார்டிஷனை விகிதப்படி போடும் கே1 என்ற இரண்டு தேர்வுகள் உண்டு. ஆனால் சி பார்டிஷனே இலக்கு டிஸ்க்கில் அடங்காது என்றால் இவை உதவாது. மூல இமேஜை 60 ஜிபி விர்ச்சுவல் மெஷினில் தயாரிப்பதுதான் என் வழக்கம். சின்னதிலிருந்து பெரியதுக்குப் போவது எப்போதும் சுலபம்.

## 40 ஜிபி டேட்டாதான், இமேஜ் டிஸ்க் முழுசின் அளவுக்கு வருகிறது

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லோகின் செய்த பல லேப்டாப்களில் யாரும் கேட்காமலே பூட்டிக்கொண்டிருக்கும். குளோன்சில்லாவுக்கு உள்ளே இருப்பது கோப்பு முறையாகவே தெரியாது, ஆகவே காலி இடம் உட்பட எல்லாச் செக்டரையும் வழித்தெடுக்கும். பிட்லாக்கரை அணைத்து, முழுவதும் அவிழ்ந்து முடிந்ததா என்று பார்த்துவிட்டு இமேஜ் எடுங்கள். அப்படியே விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான், பார்டிஷனைப் படிக்க முடியவில்லை என்ற எர்ரர் அங்கிருந்துதான் வரும்.

## 100 சதவீதம் முடிந்தது, ரீஸ்டார்ட் செய்தால் பூட் டிவைஸ் இல்லை என்கிறது

இமேஜ் மேல் அநியாயமாகப் பழி விழும் இடம் இது. முதலில் சின்னச் சந்தேகம்: சி பார்டிஷனை மட்டும் இமேஜ் எடுத்தீர்களா, முழு டிஸ்க்கையா? சி மட்டும் என்றால் பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்டிஷன் வந்திருக்காது. அடுத்தது, மூல மெஷின் பழைய பயாஸ் முறையில் தயாரானது, இந்த லேப்டாப் யூஇஎஃப்ஐ என்றால் ஒட்டவே ஒட்டாது.

இரண்டும் இல்லையா? பழைய பயாஸில் பூட் நிரல் டிஸ்க்கின் முதல் செக்டரில் இருந்தது, இமேஜோடு சேர்ந்தே வந்தது. யூஇஎஃப்ஐயில் எந்தப் பார்டிஷனில் எந்தக் கோப்பை எழுப்புவது என்ற குறிப்பு மதர்போர்டின் என்வி-ராம் என்ற நினைவகத்தில் இருக்கிறது. அது டிஸ்க்கில் இல்லை, ஆகவே இமேஜிலும் இல்லை. வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து வேறு தெருவில் வைத்துவிட்டோம், தபால்காரருக்கு விலாசம் சொல்லவில்லை. பல லேப்டாப்கள் தாங்களே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். சில பிடிவாதக்காரர்கள் தேடமாட்டார்கள், அதனால்தான் ஒரே இமேஜ் ஒரு மாடலில் எழும், இன்னொன்றில் எழாது.

பயாஸில் பூட் ஆப்ஷன் சேர்க்கும் வசதி இருந்தால் கோப்பை நேரடியாகக் காட்டுங்கள். அதில் எழுந்துவிட்டால் இமேஜ் நலம் என்று அர்த்தம். நிரந்தரமாகச் சரிசெய்ய, விண்டோஸ் என்றால் வின்பிஇ-யில் பிசிடிபூட் கட்டளையை ஓட்டுங்கள், லினக்ஸ் என்றால் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர். நிறைய லேப்டாப் என்றால் மூல மெஷினிலேயே, பென்டிரைவ் பகுதியில் சொன்ன அதே பூட்எக்ஸ்64 கோப்பு ஈஎஃப்ஐ பார்டிஷனிலும் இருக்கும்படி செய்துவிட்டு இமேஜ் எடுங்கள். குறிப்பு இல்லாதபோது யூஇஎஃப்ஐ தேடிப் போகும் பொது இடம் அதுதான்.

## மல்டிகாஸ்ட் நாலு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது

20 ஜிபி இமேஜ், 30 லேப்டாப், தனித்தனியாக அனுப்பினால் 600 ஜிபி. ஜிகாபிட் வயரில் நடைமுறையில் வினாடிக்கு 110 எம்பி என்று வைத்தால் ஒன்றரை மணி நேரம். மல்டிகாஸ்ட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவைதான் அனுப்புகிறோம். ஆனால் அது சரியாக நாலு நிமிடம் சொச்சத்தில் எல்லா லேப்டாப்பிலும் ஒன்றாக நின்றால், ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்ட்டை அனுப்பும் வசதி) இருக்கிறது, இன்னும் வேண்டுமா என்று கேள்வி கேட்கும் குவேரியர் இல்லை. யாரும் கேட்காததால் 260 வினாடியில் உறுப்பினர் பட்டியல் காலாவதியாகி, ஸ்விட்ச் அனுப்புவதை நிறுத்திவிடும். குவேரியரை இயக்கினால் போதும். ஸ்னூப்பிங்கையே அணைப்பது குறுக்கு வழி. அப்போது வெள்ளம் எல்லா போர்ட்டுக்கும் பாயும், அதே வலையில் வைஃபை இருந்தால் படுத்துவிடும்.

## இரண்டாவது லேப்டாப்பைச் சொருகினால் முதல் லேப்டாப்பின் பெயர் வருகிறது

ஒரே டாங்கிளை மாற்றி மாற்றிச் சொருகுகிறீர்கள். நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி டாங்கிளுடையது, ஆகவே ஃபாக் சர்வருக்கு எல்லாமே ஒரே மெஷின். பயாஸில் மேக் பாஸ்த்ரூ இருந்தால் இயக்குங்கள், லேப்டாப்பின் சொந்த முகவரி போகும். அது தயாரிப்பாளரின் டாங்கிளில்தான் பெரும்பாலும் வேலை செய்யும். அந்த வசதி இல்லாவிட்டால் மெஷின் பெயரை மேக்கிலிருந்து வைக்காமல் லேப்டாப்பின் சீரியல் எண்ணிலிருந்து வையுங்கள்.

## எல்லாம் ஓடுகிறது, அடுத்த வாரம் டபிள்யூசஸ்-இல் ஒரே ஒரு லேப்டாப்தான் தெரிகிறது

டபிள்யூசஸ் என்பது விண்டோஸ் அப்டேட்களைப் பகிரும் சர்வர். மெஷினின் தனி அடையாளத்தை நீக்கும் சிஸ்ப்ரெப் கருவியை ஓட்டாமல் இமேஜ் எடுத்ததன் விளைவு இது. எல்லா லேப்டாப்பும் ஒரே அடையாளத்தோடு சர்வருக்கு முன் வந்து நிற்கின்றன. நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் ஆக்டிவேஷனும் இதனால் சிக்கும்: அதற்கு குறைந்தது 25 விண்டோஸ் மெஷின் வேண்டும், 30 லேப்டாப் இருந்தும் கணக்கு ஒன்றிலேயே நிற்கும். மூல மெஷினில் ஜெனரலைஸ் தேர்வோடு சிஸ்ப்ரெப் ஓட்டி அணைத்து, அதன் பிறகு எடுத்த இமேஜ்தான் பரப்புவதற்கு உரியது. இங்கே இமேஜை மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

லினக்ஸில் இதே நோய் வேறு முகத்தோடு வரும். இரண்டு லேப்டாப் ஒரே ஐபியைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி இணையம் போகும். இமேஜ் எடுப்பதற்கு முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள், கோப்பையே அழிக்க வேண்டாம். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீகளை அழித்துவிட்டு, முதல் பூட்டில் புதிதாக உருவாகும்படி அமைத்து வையுங்கள்.